வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று

ஜனவரி 12

அன்புள்ள மச்சானுக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்களும், குளிர் வந்தால் முரண்டு பிடிக்கும் உங்கள் முட்டியும் எப்படி?

விஷயத்துக்கு வருகிறேன். நம் விளையாட்டுச் செய்தியாளர் சங்கம் ஒரு புத்தகம் போடுகிறது. பழைய ஆட்கள் நாற்பது பேர், ஆளுக்கு ஒரு கட்டுரை. 'நான் எழுதியதில் மறக்க முடியாத ஆட்டம்' என்பது தலைப்பு. தொகுக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஓய்வு பெற்றவன் நிம்மதியாகத் தூங்கினால் ஊருக்கே பொறுக்காது. உங்கள் பத்திரிகை உங்களை இன்னும் விடாததால் இந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது.

வெயில் காலத்திலும் குடையோடு மைதானத்துக்கு வருவாரே, நம் குடைக்காரர், அவர்தான் இப்போது சங்கத் தலைவர். முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்: "யார் எழுதினாலும் எழுதலேன்னாலும் உங்க மச்சான் அந்த ஃபைனலைப் பத்தி எழுதணும். அது இல்லாம புக்கே வேண்டாம்." எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். பூனைக்கு மணி கட்ட என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

எந்த ஃபைனல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாமா இங்கே கண்ணை மூடிய அன்று நீங்கள் அங்கே உட்கார்ந்து எழுதிய ஆட்டம். அந்தக் கட்டுரைக்குப் பரிசு வந்தது. அன்றோடு உங்கள் தங்கை உங்களிடம் பேசுவதை நிறுத்தினாள். ஆறு வருஷமாகிறது. கேட்கவே கூடாதுதான். ஆனால் கேட்காமல் போனால் குடைக்காரர் குடையாலேயே அடிப்பார்.

பதிலைச் சங்கத்து முகவரிக்கு அனுப்புங்கள். உங்கள் குரல் இந்த வீட்டுப் போனில் வரக்கூடாது என்று அவள் போட்ட தடை அப்படியே இருக்கிறது. கடிதத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. விதிப் புத்தகத்தில் இல்லாத குற்றத்துக்கு நடுவர் அட்டை காட்ட முடியாது, பாருங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜனவரி 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டி இருக்கிறது, நானும் இருக்கிறேன். வீட்டில் யாருக்கும் தலைவலி, காய்ச்சல் இல்லையே?

அந்த ஃபைனலை எழுத மாட்டேன். குடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். வெறுங்கையோடு அனுப்பினால் உங்களுக்குத் தலைகுனிவு என்பதால் வேறு ஓர் ஆட்டத்தை இத்துடன் அனுப்புகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. லீக்கில் கடைசி இடத்துக்குப் போட்டியிட்ட இரண்டு அணிகள். யார் ஜெயித்தாலும் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. இருந்ததே ஒரு பந்து. அதை ஒருவன் ஓங்கி உதைக்க, சுவரைத் தாண்டி அடுத்த வீட்டு ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. அந்த வீட்டு அம்மாள் பந்தைத் தர மறுத்துவிட்டார். இரண்டு கேப்டன்களும் போய்க் கெஞ்சினார்கள். கடைசியில் நடுவரே போய்க் கதவைத் தட்டினார். அந்த அம்மாள் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "பத்து வருஷமா சுவருக்கு இந்தப் பக்கம் உக்காந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டிருக்கேன். அங்க என்னதான் நடக்குதுன்னு எனக்கும் காட்டுங்க. பந்து தரேன்."

அவரை அழைத்து வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பந்தை மடியில் வைத்துக்கொண்டு, "இதுல நம்ம ஆளுங்க யாரு?" என்று கேட்டார். எனக்கே தெரியாது என்றேன். "தெரியாமலா எழுதறீங்க?" என்றார். பிறகு யார் கீழே விழுந்தாலும் 'ஐயோ' என்றார், எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் கை தட்டினார். ஆட்டம் முடிந்ததும் "நாளைக்கும் உண்டா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். யார் ஜெயித்தார்கள் என்று நான் எழுதியிருப்பேன். அது மறந்துவிட்டது.

இதைப் போட்டால் போடுங்கள். இல்லாவிட்டால் விடுங்கள்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாக, முடிந்தால், சொல்லவும்.

மச்சான்


பிப்ரவரி 18

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுச் சங்கத்து அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உங்கள் உடம்பு எப்படியிருந்தாலும் கைக்கு வயதாகவில்லை.

ஆனால் குடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஆட்டத்தைக் கேட்டா ஜன்னலை அனுப்பறாரே!" என்கிறார். அவர் கட்டுரையைப் படித்தீர்களானால் ஜன்னலே மேல் என்பீர்கள். பதினோரு பக்கத்துக்கு மழை. ஆட்டம் கடைசிப் பக்கத்தில் கைவிடப்படுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

என்னுடையதையும் கேட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். எனக்கு மறக்க முடியாதது, நீங்கள் என்னை முதன்முதலாக உங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க அழைத்துப் போன அன்றைய ஆட்டம். மாலை ஆட்டம் முடிவதற்கும் அச்சு ஓடுவதற்கும் இடையில் மூச்சுவிட நேரமிருக்காது என்று, எல்லோரையும் போல நானும் முன்கூட்டியே இரண்டு கட்டுரை எழுதி வைத்திருந்தேன். வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று. கோல் கணக்குக்கும் நேரத்துக்கும் காலியிடம். வெற்றி இடது பையில், தோல்வி வலது பையில். விசில் ஊதியதும் ஒன்றைப் போனில் படித்துவிட்டு மற்றதைக் கிழித்துப் போட வேண்டும். அன்று கிழிக்க மறந்து பையிலேயே கொண்டுவந்துவிட்டேன். கோப்பையை வைக்க இடம் தேடி அந்தக் காகிதத்தை மேசையில் விரித்தேன். உங்கள் தங்கை எடுத்துப் படித்தாள். நான் வாயைத் திறக்குமுன் கேட்டாள்: "நடக்காததையும் எழுதி வெச்சிருக்கீங்களா? உங்களுக்கெல்லாம் பயமா இல்லையா?"

அன்று யார் ஆடினார்கள் என்பது எனக்கும் மறந்துவிட்டது. இதைப் போட்டால் குடைக்காரர் என்ன சொல்வாரோ.

ஃபைனலைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள். அவளுக்குக் கொஞ்ச நாளாகக் களைப்பு. மற்றபடி நலம். மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

களைப்பு என்றால் என்ன களைப்பு? இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன். நான் நலம்.

நான் ஏன் மறுக்கிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது தெரியும். வெட்கம், குற்ற உணர்ச்சி, அதெல்லாம். அது இல்லை. எனக்கு அந்த ஆட்டம் ஞாபகமே இல்லை.

எங்கே போனாலும் யாராவது வந்து அந்த இரண்டாம் பாதியைச் சொல்கிறார்கள். "அந்தப் பாஸ்! அந்தத் திருப்பம்! நீங்க எழுதியிருந்தீங்களே!" என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். இடைவேளையில் ஆபீஸிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது. படித்தேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரிவதெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் கழுத்துதான். கட்டி வந்து பிளாஸ்திரி போட்டிருந்தார். அதன் ஒரு மூலை உரிந்திருந்தது. அதை அழுத்தி ஒட்டிவிட வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. இதைத்தான் நான் மறக்கவில்லை. மறக்க முடியாத ஆட்டம் என்று எழுதச் சொல்கிறீர்கள்!

இருந்த ரயில் ஒன்றுதான், அதுவும் இருட்டிய பிறகு. ஸ்டேஷனில் போய் உட்கார்ந்திருக்கலாம். மைதானத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் நான் வந்து சேர்வதற்குள் அப்பாவை எடுத்துவிட்டீர்கள். ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தாலும் அதே ரயில்தான், அதே நேரம்தான். ஆனாலும் அவள் கோபத்தைத் தவறென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

களைப்புக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? எழுதுங்கள்.

மச்சான்


ஏப்ரல் 11

அன்புள்ள மச்சானுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும். உங்கள் உடம்பும் மனமும் நலமென்று நம்புகிறேன்.

அச்சகத்தில் ஒரே ரகளை. காகிதம் மங்கலாக வந்திருக்கிறது என்று குடைக்காரர் திருப்பி அனுப்பினார். அட்டைக்குப் பச்சை நிறமா நீலமா என்று இரண்டு கூட்டம் போட்டோம். பச்சை என்று முடிவானது. மைதானம் பச்சைதானே. நேர்முக வர்ணனை செய்வாரே, நம் ரேடியோ, அவர் கட்டுரையை எழுதித் தராமல் நேரில் வந்து வாயாலேயே சொன்னார். மூச்சுவிடாமல் சொன்னதை நான் எழுதி எடுப்பதற்குள் கை ஒடிந்துவிட்டது. இந்த வருஷம் வெயில் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது. மைதானத்துப் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் விடுவாரில்லை.

நீங்கள் எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் வேறு வழியாகச் சுற்றி வளைத்துக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வராததுக்கு எனக்கு என்ன கோபம்? ரயிலு அதுதான், எனக்குத் தெரியாதா? மறுநாள் காலையில பேப்பர் வந்துச்சு. அப்பா உள்ள படுத்திருக்காரு. பேப்பரைத் திறந்தா அவன் எழுத்து. அவ்வளவு அழகா எழுதியிருக்கான். அப்பா போயிட்டாருன்னு பையில சீட்டை வெச்சுக்கிட்டு ஒருத்தனுக்கு அப்படி எழுத முடியுமா? அப்போ அவனுக்கு அப்பா யாரு, நான் யாரு?" நானும் இத்தனை வருஷம் அதே தொழிலில் இருந்தவன்தான்.

களைப்பு முன்போல இல்லை. வீட்டில் நலமே.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 17

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. எத்தனை வருஷமாக உங்கள் எழுத்தைப் படிக்கிறேன்! உங்கள் அணி தோற்ற நாளில் நீங்கள் முதல் மூன்று பத்தியும் புல்லையும் வெயிலையும் எழுதுவீர்கள். இந்தக் கடிதத்தில் அட்டை நிறம்கூட இருக்கிறது. முழுப் பூசணிக்காயை யாரிடம் சோற்றில் மறைக்கிறீர்கள்?

அவளுக்கு என்ன?

மச்சான்


மே 9

அன்புள்ள மச்சானுக்கு,

உங்களை ஏமாற்ற முடியாது என்று தெரிந்தும் முயற்சி செய்தேன். நீங்களாவது திடமாக இருக்க வேண்டும்.

வயிற்றில் ஒரு கட்டி. பெரிதாகத்தான் இருக்கிறது. மார்ச் மாதமே தெரியும். இரண்டு டாக்டர்களிடம் காட்டினோம். எடுத்தே ஆக வேண்டும் என்று இருவரும் சொல்கிறார்கள். எடுப்பதில் ஆபத்து உண்டு என்பதையும் இருவரும் சொல்லிவிட்டார்கள். மே 22 காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்.

உங்களுக்கு எழுதவா என்று கேட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "ஆஸ்பத்திரின்னு சொல்லி யாரையும் வரவழைக்கக் கூடாது. வரணும்னு அவனுக்கா தோணி வந்தா அது வேற. கூப்பிட்டு வந்தா அது வருகையா?" என்றாள். எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் தயவுசெய்து இப்போது கிளம்பி வராதீர்கள். நான் சொல்லித்தான் வந்தீர்கள் என்று பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவாள். ஆபரேஷன் மேசைக்குப் போகும் சமயத்தில் அவள் மனம் கலங்கக் கூடாது. முடிந்த உடனே, அன்றைக்கே, ஒரு வரி எழுதித் தபாலில் போடுகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் மாப்பிள்ளை


மே 22

மச்சானுக்கு,

உங்கள் உடம்பை விசாரித்துத் தொடங்க இன்று மனம் வரவில்லை.

அவள் போய்விட்டாள். பகல் ........ மணிக்கு. டாக்டர் வெளியே வந்து என்னென்னவோ சொன்னார். எதுவும் காதில் ஏறவில்லை.

காலையில் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கூடவே நடந்தேன். கதவருகே வந்ததும் என் சட்டையைப் பார்த்து, "பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். நான் இன்னும் சரியாகப் போட்டுக்கொள்ளவில்லை. இனிமேலும் போடத் தோன்றவில்லை.

இத்தனை வருஷம் ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும் வீட்டுக்குப் போனேன். யார் ஜெயித்தது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. "யாருக்காவது அடிபட்டுச்சா?" என்றுதான் கேட்பாள். இல்லை என்றால் அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆமாம் என்றால் உட்கார்ந்து எந்தக் கால், எந்த இடம், அந்தப் பையனுக்கு அம்மா இருக்கிறாளா என்று எல்லாம் கேட்பாள். உங்கள் பத்திரிகையிலும் என் பத்திரிகையிலும் அந்த விவரம் ஒருநாளும் வந்ததில்லை. நம் இருவருக்கும் தெரியாத ஆட்டம் ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இனி நான் யாரிடம் போய்ச் சொல்வது?

நேற்றுப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அவன் முட்டி எப்படி இருக்குன்னு யாராவது விசாரிக்கறாங்களா?" என்றாள். யார் முட்டி என்று நான் கேட்கவில்லை. நான் விசாரிக்கிறேன் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். உங்களை வர வேண்டாம் என்று எழுதியவனும் நான்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் எப்படி இருக்கப் போகிறேன் என்று தெரியவில்லை.

வாருங்கள்.

மாப்பிள்ளை


ஜூன் 10

அன்புள்ள மச்சானுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? இரத்த அழுத்தம் இறங்கியதா? என்னால்தான் ஏறியது என்பதால் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை இதில் சொல்கிறேன். அன்று ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. காகிதம் இருந்தது, பேனா இருந்தது. வேறு என்ன தெரியும் எனக்கு? வெற்றிக்கு ஒரு கடிதம் எழுதினேன், தோல்விக்கு ஒன்று எழுதினேன். நேரத்துக்குக் காலியிடம் விட்டேன். வெற்றி இடது பை, தோல்வி வலது பை. டாக்டர் வந்து பிழைத்துவிட்டாள் என்றார். அந்த சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, மருந்துச் சீட்டைத் தேடிப் பையிலிருந்ததையெல்லாம் வெளியே கொட்டி, திரும்ப அள்ளிப் போட்டேன். இடது வலதாயிற்று. உறையில் போட்டு ஒட்டி, ஆஸ்பத்திரி வாசல் தபால்பெட்டியில் போட்டுவிட்டு இனிப்புக் காப்பி குடித்தேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

நீங்கள் போன் அடித்து யாரும் எடுக்காமல், ரயிலேறி வந்து, பூட்டிய வீட்டைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு வந்து பிணவறை எங்கே என்று விசாரித்திருக்கிறீர்கள். அந்தப் பேரில் அங்கே யாரும் இல்லை, வார்டில்தான் இருக்கிறார்கள் என்று அவர்கள் சொன்னபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! நீங்கள் வாசலில் நின்றபோது நான் அவளுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். கையில் என் கடிதம். முகத்தில் இரத்தமே இல்லை. அவள் உங்களையே பார்த்தாள். "செத்தாத்தான் வருவியா?" என்றாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் பார்வை நேரம் முழுவதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். அவள் திரும்பவில்லை. போகும்போது கடிதத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் போன பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மே மாதமே எழுதினேன், தெரிந்ததும் அவர் கிளம்பியிருப்பார், வர வேண்டாம் என்று தடுத்தது நான் என்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொரு கடுதாசி எங்க?" என்று மட்டும் கேட்டாள். கொடுத்தேன். இரண்டையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தாயிற்று. உடம்பு தேறுகிறது. இப்போது என்னோடும் பேச்சில்லை. ரிசர்வ் பெஞ்சில் உங்கள் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் போடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 19

அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. தையல் பிரித்தாயிற்று. மாடிப்படி ஏறி இறங்குகிறேன். உன் முட்டி எப்படி இருக்கிறது? உன்னைப் பற்றி நான் கடைசியாகக் கேட்டது இதைத்தான் என்று இவர் எழுதிவிட்டார். பிழைத்துக் கிடக்கிறேன், அதனால் முதலில் கேட்டுவிடுகிறேன்.

இரண்டு கடிதத்தையும் பல தடவை படித்துவிட்டேன். நான் செத்துப்போன கடிதம் நான்கு பக்கம். நான் பிழைத்த கடிதம் என்ன தெரியுமா? "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி கவலையில்லை. கட்டுரையை மாதக் கடைசிக்குள் அனுப்பவும்." மூன்று வரி! செத்தவளுக்கு நான்கு பக்கம், இருப்பவளுக்கு மூன்று வரியா என்று கேட்டேன். இவருக்கு வேர்த்துவிட்டது. அதோடு, நேரத்துக்குப் புள்ளி வைத்துக் காலியிடம் விட்டிருக்கிறாரே, காலமெல்லாம் அதே வேலையைச் செய்தவன் நீ, அதுகூடவா உன் கண்ணில் படவில்லை? படாமல்தானே ஓடிவந்தாய். அதை நினைத்தால்தான் எனக்கு என்னவோ போல் ஆகிறது.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். நான் உள்ளே உயிரோடு கிடக்கிறேன், வெளியே உட்கார்ந்து ஒருவர் என் சாவை இவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார். படிக்கும்போது எனக்கே அழுகை வந்தது. பேசாமல் இருந்து பார்த்தேன். போன வாரம் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "எப்படிங்க எழுத முடிஞ்சுது உங்களுக்கு?" இவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "பயந்தா மத்தவங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாதும்பாங்க. எங்களுக்குக் கை மட்டும் ஓடும். அதுவும் நின்னுட்டா நான் அங்கேயே விழுந்திருப்பேன்." சட்டையில் பட்டன் மாறித்தான் இருந்தது.

அன்று மத்தியானம் இவரைச் சங்கத்துக்கு அனுப்பி அந்தப் பழைய பேப்பரை எடுத்துவரச் சொன்னேன். எது என்று உனக்குத் தெரியும். ஆறு வருஷமாக அதை நான் கையால் தொடவில்லை. அழகாக எழுதியிருந்தாய், அழகாக எழுதியிருந்தாய் என்று வைது வைதே அழகு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. மேசையில் விரித்து, பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

முதல் பாதியில் எல்லோரும் இருக்கிறார்கள். யார் உதைத்தது, யார் தடுத்தது, எந்த நிமிஷம், எல்லாம் இருக்கிறது. இடைவேளைக்குப் பிறகு ஒரு ஆட்டக்காரன் பெயர்கூட இல்லை, அண்ணா. காற்று இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கோல் விழுகிறது, அதை அடித்தவன் யாரென்று இல்லை. ஒரு பாஸ் வருகிறது, யாரிடமிருந்து யாருக்கு என்று இல்லை. இரண்டு தடவை தேடினேன். இல்லவே இல்லை. இதற்குப் பரிசு கொடுத்தவர்களை என்ன சொல்வது! நீ அந்த ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. நீ அன்று எங்கே இருந்தாய் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. நான் இருந்த இடத்தில்தான் இருந்திருக்கிறாய். அந்தப் பேப்பர் என் கையிலேயே இருந்தும் எனக்குப் படிக்கத் தெரியாமல் போய்விட்டது.

ஒன்று சொல்லட்டுமா? அவ்வளவு அழகும் இல்லை. சுமார்தான்.

குடைக்காரர் நேற்று வீட்டுக்கே வந்தார். அந்த ஃபைனலை நீ எழுதப் போவதில்லை, இனி யாரும் உன்னைக் கேட்கவும் கூடாது என்று சொல்லிவிட்டேன். நான் சொன்ன விதத்தில் தேநீரைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்து நான் கேட்டது கேட்டதுதான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். அது தப்பான கடிதத்துக்கு வந்த வருகை. அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. இப்போது நான் கூப்பிடுகிறேன். கூப்பிட்டு வந்தால் வருகையா என்று கேட்டவளும் நான்தான், இருக்கட்டும். இத்தனை வருஷம் எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது?

ஆட்டம் இல்லாத நாளாகப் பார்த்து வருகிறேன் என்று எழுதாதே. அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிறு அங்கே லீக் ஃபைனலாம், உன்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். இவர் சொன்னார்.

அன்றைக்கு வா. அதை வேறு யாராவது எழுதட்டும்.

தங்கை